கருத்துப் பெட்டி மூடப்பட்டிருக்கிறது

என் பை மேல் இருக்கிற இந்த ஒட்டுப்படத்தைத்தானே பார்க்கிறீர்கள் தம்பி? திண்டுக்கல்லில் ஏறியதிலிருந்து பார்க்கிறீர்கள். துல்லியமாகச் சொன்னால் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கியதிலிருந்து. வெடித்த பருத்திக்காய், கீழே 'பஞ்சு' என்று எழுத்து. மெத்தைக் கடை என்று நினைத்திருப்பீர்கள். பரவாயில்லை, போன மாதம் பழனியில் ஒரு அம்மாள் என்னை நிறுத்தி, தலையணைக்கு உறை மட்டும் தனியாகத் தைத்துத் தருவீர்களா என்று கேட்டார்.

பஞ்சு ஒரு லினக்ஸ். உங்கள் மடியில் இருக்கிறதே கணினி, அதைத் திறந்ததும் ஒன்று எழுந்து வந்து எல்லா வேலையையும் பார்க்கிறதல்லவா, அந்த இனம். லினக்ஸை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கைப்பக்குவத்தில் மாற்றிக்கொள்ளலாம். எல்லார் வீட்டிலும் அதே பருப்பு, அதே புளி, சாம்பார் மட்டும் வேறு வேறு. பஞ்சு என்பது கரூரில் ஒருவர் வைக்கிற சாம்பார். கனமே இருக்காது. மற்றவர்கள் தூக்கிப் போட்ட பழைய கணினியில் ஓடுவதற்காகவே செய்தது.

நான் இப்படி அச்சடித்த மாதிரிப் பேசுகிறேன் என்று சிரிக்காதீர்கள். இருபத்து நான்கு வருடம் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் மாணவர்களின் செய்முறை ஏடு திருத்தினால் உங்களுக்கும் வாய் இப்படித்தான் ஆகும். பெயர் தில்லைநாயகம்.

கரூருக்குத்தான் போகிறேன். பஞ்சுவைச் செய்கிற பிரமிளா, வருகிற முப்பதாம் தேதியோடு அதை நிறுத்துகிறேன் என்று எழுதிவிட்டார். இன்று இருபத்தேழு. நிறுத்த வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். நீங்கள் கேட்பது நியாயம், அதை இணையத்திலேயே எழுதலாமே என்று. எழுதினேன். பதினொரு குறிப்புகளோடு பதில் தயார் செய்துகொண்டு ஒட்டப் போனால், அவர் அறிவிப்புக்குக் கீழே கருத்துப் பெட்டி மூடப்பட்டிருக்கிறது. ஏழு வருடத்தில் முதல் தடவை. ஒட்ட இடமில்லை. அதனால்தான் பேருந்து.

பிரமிளா படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிற ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறார். அங்கே பழைய கணினிகளைக் கழித்துக் கட்டியபோது இரண்டை வீட்டுக்குக் கொண்டுபோய், அவற்றில் ஓடுகிற மாதிரி இதைச் செய்தார். நான் ஏழாவது பயனர். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. எழுதியதில் என்ன தவறு என்று சொல்லத் தெரியும். அப்படிப்பட்டவர்களும் வேண்டுமல்லவா? குழு வளர்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆனபோது, அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "நாயகம் அண்ணா, நீங்க பொறுமையா எல்லாத்தையும் படிக்கிறீங்க, நீங்களே பாத்துக்கங்க, நான் வேலையைப் பாக்குறேன்" என்றார். அண்ணா என்றுதான் கூப்பிடுவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு, மறுவீடு போவது என்று பெயர். யாராவது பஞ்சுவைப் போட்டுப் பார்த்து விமர்சனம் எழுதினால், அல்லது வீடியோ போட்டால், நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நாமும் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போக வேண்டாமா? குழுவில் ஒருவர் இணைப்பைப் போட்டு "மாப்பிள்ளை வந்தாச்சு" என்பார். நாற்பது பேர், அறுபது பேர் கிளம்பி அந்த விமர்சனத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுவோம்.

மற்றவர்கள் வெறுங்கையோடு போவார்கள். நான் அப்படிப் போவதில்லை. என்னிடம் நடுவர் இருக்கிறார். இதோ, இந்தப் பையில். 2009-ஆம் வருட மடிக்கணினி, ஒரு ஜிபி நினைவகம், மூடியின் கீல் உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. விமர்சகர் என்ன சொன்னாலும் நடுவரிடம் போட்டு, ஆய்வக நிறுத்துகடிகாரத்தால் அளந்து, பிறகுதான் பதில் எழுதுவேன்.

போன வருடம் ஆனியில் ஆரம்பித்தது. கோயம்புத்தூர் ஒண்டிப்புதூரில் லோகநாதன் என்று ஒருவர், கணினி பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார், வீடியோவும் போடுவார். பஞ்சுவைப் பற்றிப் பதினாறு நிமிடம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். எழுந்து வர ஐம்பத்திரண்டு விநாடி ஆகிறது, பழைய கணினிக்கு இது பரவாயில்லை, ஒன்றும் ஓடாதபோதே நூற்று எண்பது எம்பி நினைவகம் பிடிக்கிறது, கொஞ்சம் குறைத்தால் தேவலை, முகப்புப் படம் பழைய காலண்டர் மாதிரி இருக்கிறது என்றார். அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டா! நடுவரிடம் முப்பத்தெட்டு. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் முப்பத்தெட்டு. பதினான்கு விநாடியை ஒரு மனிதன் வாய்க்கு வந்தபடி கூட்டினால் சும்மா இருக்க முடியுமா? ஒன்பது குறிப்புகளோடு பதில் எழுதினேன். அதற்குக் கீழே குழு வந்து உட்கார்ந்தது. "கடையில ஓசிக் கணினியில போட்டுப் பாத்தீங்களா?" "கைக்கடிகாரம் ரிப்பேரா பாஸ்?" "வேற லினக்ஸ்காரங்க ஏதாச்சும் வாங்கிக் குடுத்தாங்களா?" இதையெல்லாம் நான் எழுதவில்லை. குறித்துக்கொள்ளுங்கள், நான் ஒருநாளும் மரியாதைக் குறைவாக எழுதியதில்லை. நான் அளவைச் சொன்னேன். அவ்வளவே.

முந்நூற்றுச் சொச்சம் கருத்து ஆனபோது லோகநாதன் ஒரு பதில் போட்டார்: "ஏனுங்க சார், நான் நல்லாருக்குன்னுதானுங்க சொன்னேன்?"

நன்றாக இருக்கிறது என்பது அபிப்பிராயம், ஐம்பத்திரண்டு என்பது தகவல், இரண்டையும் குழப்ப வேண்டாம் என்று எழுதினேன். அவர் வீடியோவை நீக்கிவிட்டார். அன்று குழுவில் எல்லோரும் எனக்குக் கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள். பிரமிளா மட்டும் தனியாக, "அண்ணா, அந்த வீடியோ பாத்துட்டு நூறு பேராவது இறக்கியிருந்தாங்க" என்று எழுதினார். தவறான அளவை நம்பி இறக்கியவர்கள் என்று பதில் சொன்னேன்.

ஆனால் அந்த நூற்று எண்பது எம்பி என் மனத்தில் முள்ளாக நின்றது. அதில் அவர் சொன்னது சரி. நடுவரும் நூற்று எண்பத்தொன்று என்றார். அடுத்து வருகிற விமர்சகர் அதைத்தான் பிடிப்பார். குழுவில் உட்கார்ந்து பேசினோம், எதை எடுக்கலாம், எதை எடுக்கலாம் என்று. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, நூற்று ஐம்பத்திரண்டு வரை வந்தோம். இன்னும் மூன்று எம்பி போனால் நூற்று நாற்பத்தொன்பது. விமர்சனத்தில் நூற்று நாற்பத்தொன்பது என்று படிக்க எப்படி இருக்கும், யோசியுங்கள்! அப்போது ஒரு சின்ன நிரல் கண்ணில் பட்டது. இணையம் கிடைத்ததும் வெளியே விசாரித்துக் கணினியின் நேரத்தைச் சரிசெய்கிற நிரல். நான்கு எம்பி. எல்லாக் கணினிக்கும்தான் உள்ளேயே கடிகாரம் இருக்கிறதே, இது எதற்கு? நடுவரிடம் அதை எடுத்துவிட்டு ஒரு வாரம் பார்த்தேன், ஒரு விநாடி பிசகவில்லை. எடுக்கலாம் என்று குழு முடிவு செய்தது. துல்லியமாகச் சொன்னால், குழுவில் நான்.

பிரமிளா, "வேண்டாம்னு தோணுது அண்ணா, யாருக்காச்சும் தேவைப்படும்" என்றார். யாருக்கு என்று கேட்டேன்.  எடுத்துவிட்டார். நூற்று நாற்பத்தெட்டு வந்தது. ஓட்டுப் போடாமலே ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

அதோ, கண்டக்டர் என் பையைத்தான் பார்க்கிறார். "யாருதுங்க இந்த மூட்டை? வழியில வெச்சா ஏறுறவங்க தலைமேலயா போவாங்க?" என்கிறார். மூட்டை இல்லை ஐயா, கணினி. சரி, மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடகட சத்தம் அதில்லை தம்பி, அது வேறு. தீப்பெட்டிக்குள் ஒன்று வைத்திருக்கிறேன். வருகிறேன் அதற்கு.

நடுவில் ஒருவர் பாராட்டி எழுதினார். வலைப்பதிவு. உலகத்திலேயே இலகுவான லினக்ஸ் நம்முடைய பஞ்சு என்று எழுதிவிட்டார். இல்லையே! அதைவிட இலகுவானவை குறைந்தது நான்கு உண்டு. பெயர், எண்ணிக்கை எல்லாம் போட்டுத் திருத்தினேன். மறுவீடு வந்த குழுவுக்குக் கொஞ்சம் குழப்பம். திட்டுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் பாதிப் பேர் திட்டினார்கள். அவர் பதிவையே நீக்கிவிட்டார். "அண்ணா, அவரு நம்மளப் பாராட்டித்தானே எழுதியிருந்தாரு?" என்றார் பிரமிளா. பாராட்டானாலும் தவறு தவறுதானே தம்பி? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். ... சரி, வேண்டாம்.

பிறகு ஐப்பசியில் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஷமீமா பானு. பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை. யாரோ கொடுத்த பதினான்கு பழைய மடிக்கணினிகளில் தன் கையாலேயே பஞ்சுவைப் போட்டிருக்கிறார். அதை ஒரு பதிவாக எழுதினார். எனக்கு அது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, முன்பு ஒரு கணினிக்கு எட்டுப் பேர், இப்போது மூன்று பேர். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எந்த இணையதளமும் திறப்பதில்லை, பாதுகாப்பில்லை என்று சிவப்பாக ஒரு எச்சரிக்கை வருகிறது, ஏதேதோ செய்து சரியாவதற்குள் மதியம் ஆகிவிடுகிறது. அடுத்த திங்கட்கிழமை தலைமையாசிரியை வந்து பார்க்கிறார், அவருக்குத் திருப்தி என்றால்தான் இவை பிள்ளைகளிடம் இருக்கும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவ்வளவுதான் பதிவு.

"மாப்பிள்ளை வந்தாச்சு" என்று குழுவில் ஒருவர் போட்டார். இன்னொருவர், "மாப்பிள்ளை இல்லப்பா, டீச்சர்" என்றார்.

நான் நடுவரைத் திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தேன். எல்லாத் தளமும் திறந்தது. செவ்வாய் திறந்தது. ஞாயிறு திறந்தது. ஏழு நாள் அளவுகளை அட்டவணையாகப் போட்டு, 'தாங்கள் குறிப்பிடும் குறை எங்கள் சோதனையில் நிரூபணமாகவில்லை' என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். கொஞ்சம் குறும்பாக இருக்கட்டுமே என்று. 'பஞ்சுவுக்குக் கிழமை தெரியாது.'

குழுவுக்கு அந்த வரி பிடித்துவிட்டது. "சனி ஞாயிறு லீவு முடிஞ்சு வேலைக்கு வர மனசில்ல போல டீச்சர், நம்மள மாதிரியே" என்றார் ஒருவர். "பதினாலு கம்ப்யூட்டரும் சேந்து லீவு லெட்டர் குடுத்துச்சா?" என்றார் இன்னொருவர். "யாரு மேடம் உங்கள இப்படி எழுதச் சொன்னது?" என்று வழக்கமாகக் கேட்பவர் வழக்கம்போலக் கேட்டார்.

அவர் ஒரே ஒரு முறை பதில் எழுதினார். "நான் விமர்சனம் எழுதலைங்க. உதவி கேட்டேன்."

இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அது விமர்சனமா, உதவி கேட்டதா என்று வகை பிரிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. தலைப்பில் 'பஞ்சு லினக்ஸ்: எங்கள் அனுபவம்' என்று இருந்தது. அனுபவம் என்றால் விமர்சனம்தானே? நான் அதை எங்கள் குறைகள் பட்டியலில் 'நிரூபணமாகாதவை' என்ற பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டிக்குள் போனதைப் பிரமிளா பார்க்க வேண்டியதில்லை என்று ஏற்பாடு. அவருக்கு வேலை மிச்சம்.

அந்தத் திங்கட்கிழமை தலைமையாசிரியை வந்திருக்கிறார். பதினான்கு திரையிலும் சிவப்பு. இரண்டு வாரம் கழித்து ஷமீமா பானு தன் பதிவுக்குக் கீழேயே எழுதினார்: 'மடிக்கணினிகளை எடுத்துப் போய்விட்டார்கள். இனி உதவி தேவையில்லை. நன்றி.'

தேவையில்லை என்று அவரே எழுதிவிட்டதால், அதை 'முடிந்தது' என்று குறித்துக்கொண்டேன்.

வேடசந்தூர் தாண்டிவிட்டோமா? எப்போது தாண்டினோம்? பேசினால் எனக்கு ஊர் தெரிவதில்லை.

தை மாதத்துக்குப் பிறகு பஞ்சுவைப் பற்றி ஒரு விமர்சனமும் வரவில்லை. வீடியோ இல்லை, பதிவு இல்லை, ஒரு வரித் திட்டு இல்லை. குறை சொல்ல ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று குழுவில் எழுதினேன். கைதட்டல் பொம்மை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. முன்பெல்லாம் நான் ஒரு செய்தி போட்டால் கால் மணி நேரத்தில் நூறு பேர் படித்ததாகக் காட்டும். இப்போது மூன்று. அதில் ஒன்று என்னுடைய இன்னொரு கைப்பேசி.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரமிளா தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் எப்போதும் எழுதுவார், பேச மாட்டார். "அண்ணா, எங்க சித்தி தையல் கடைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் குடுத்தேன். எந்த சைட்டும் திறக்கல. பாத்தா, தேதி 2011ன்னு காட்டுது. உள்ள இருக்கிற பட்டன் செல் செத்துப்போச்சு" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், சிரமம் இல்லை. கணினிக்குள் ஒரு பழைய ஒரு ரூபாய் அளவில் ஒரு சின்ன பாட்டரி இருக்கும். கணினி அணைந்து கிடக்கும்போதும் நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். பழைய கணினிகளில் அது செத்திருக்கும். அப்போது பெரிய பாட்டரியில் சார்ஜ் இருக்கிற வரை சமாளிக்கும். இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் நேரம் மறந்துபோய், பிறந்த வருடத்துக்குப் போய்விடும். இணையதளங்கள் ஒவ்வொன்றும் ஒரு அனுமதிச் சீட்டு வைத்திருக்கும், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று. உங்கள் கணினி இது 2009 என்று நம்பினால், அந்தச் சீட்டு இன்னும் செல்லுபடியே ஆகவில்லை என்று கதவைத் திறக்காது.

சனி, ஞாயிறு. இரண்டு நாள். பள்ளிக்கூடத்தில் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை.

பஞ்சுவுக்குக் கிழமை தெரியாது என்று எழுதினேன் பாருங்கள், யோசித்துப் பார்த்தால் நான் எழுதியதிலேயே முழுக்கச் சரியான வரி அது ஒன்றுதான்.

நடுவரிடம் ஏன் தெரியவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? நான் ஒவ்வொரு வருடமும் சனவரி ஒன்றாம் தேதி நடுவருக்குப் புது பட்டன் செல் போடுவேன். கருவியைப் பராமரிக்காமல் அளவு எடுக்கக் கூடாது, இது ஆய்வகத்தில் முதல் பாடம். பஞ்சுவைப் போடுகிற பழைய கணினிகளிலேயே, தமிழ்நாட்டில் நல்ல பட்டன் செல் உள்ள ஒரே கணினி என்னுடையதாக இருந்திருக்கும்.

பிரமிளா கேட்டார், "நிரூபணமாகாதவைன்னு ஒரு பெட்டி வெச்சிருக்கீங்களே அண்ணா, அதுல எத்தனை இருக்கு?"

"நாற்பத்தொன்று" என்றேன்.

 அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து படித்தார். நானும் போனை வைக்கவில்லை. 'தளம் வரவில்லை.' 'சிவப்பு எச்சரிக்கை.' 'நேற்று சேமித்தது பத்து வருடத்துக்கு முன்னால் என்று காட்டுகிறது.' பத்தொன்பது பேர் ஒரே குறையைப் பத்தொன்பது விதமாக எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் நான் தனித்தனியாக அட்டவணை போட்டுப் பதில் சொல்லியிருந்தேன்.

"நாலு எம்பி அண்ணா" என்றார்.  பத்து நிமிடத்தில் அந்த நிரலைத் திரும்பச் சேர்த்துப் புதுப் பதிப்பு போட்டார்.

கண்டிப்பாகப் பேசினால் குறை பட்டன் செல்லில்தான், பஞ்சுவில் இல்லை. இதை நான் அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. ஆனால் அது உண்மை.

நான் சும்மா இருந்துவிடவில்லை தம்பி. அதை நீங்கள் நம்ப வேண்டும். பதினான்கு பட்டன் செல் வாங்கி, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, நிஜப் பஞ்சு, அந்தப் பள்ளிக்குப் பதிவுத் தபாலில் ஷமீமா பானு பெயருக்கு அனுப்பினேன். மூன்று பக்கக் கடிதமும் வைத்தேன். எங்கே தவறு நேர்ந்தது, அதில் பஞ்சுவின் பங்கு எவ்வளவு, செல்லின் பங்கு எவ்வளவு, தங்கள் பதிவில் முதலிலேயே கணினியின் தேதியைக் குறிப்பிட்டிருந்தால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்றெல்லாம் விளக்கியிருந்தேன். பதினோராம் நாள் திரும்பி வந்தது. 'பெறுநர் வாங்க மறுத்தார்' என்று முத்திரை. என்ன அனுப்பியிருக்கிறேன் என்று தபால்காரர் சரியாக எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார். கேட்டீர்களே கடகட என்று, அதுதான். பிரித்துப் பார்த்தபோது உள்ளே வைத்த பஞ்சை எடுத்தேன், திரும்ப வைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. மூன்று பத்தி. முப்பதாம் தேதிக்கு மேல் புதுப் பதிப்பு வராது, யாராவது எடுத்து நடத்துவதானால் மகிழ்ச்சி. ஏன் என்பதற்கு ஒரு வரி: 'சொல்ல வந்தவர்கள் சொல்ல முடியாமல் போனார்கள்.' விமர்சகர்களைத்தான் குறிப்பிடுகிறார் என்று நினைத்தேன். விமர்சகர்கள் தொல்லை தாங்காமல் நிறுத்துகிறார். அப்படித்தான் முதலில் படித்தேன். அப்படியும் படிக்கலாம்.

கடைசிப் பத்தியில் நன்றி. முப்பத்து மூன்று பெயர். எண்ணினேன். முதல் பெயர் ஒண்டிப்புதூர் லோகநாதன். பாராட்டி எழுதிவிட்டு நீக்கினாரே, அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பத்தொன்பது பேரும் இருக்கிறார்கள். ஷமீமா பானு பெயருக்கு எதிரே மட்டும் நன்றி என்று இல்லை, 'மன்னிப்பு' என்று போட்டிருந்தது.

என் பெயர் இல்லை.

விடுபட்டிருக்கும். பட்டியல் போடும்போது எப்போதும் கைக்கெட்டுகிற பெயர்தான் விடுபடும். கல்யாணப் பத்திரிகையில் பக்கத்து வீடு விடுபடுவதில்லையா? முதலில் பதினொரு குறிப்பு எழுதினேன் என்றேனே, அதில் ஏழாவது குறிப்பு இது. மற்றவை, இறக்கியவர்கள் எண்ணிக்கை தவறு, முதல் பதிப்பு வந்த மாதம் தவறு, இந்த மாதிரி. நேற்று ஒவ்வொன்றாக அடித்தேன். இவ்வளவு தூரம் போய் மாதத்தைத் திருத்துவானேன்? இப்போது ஏழாவது மட்டும் மிச்சம் இருக்கிறது.

அதோடு இந்தத் தொகுப்பையும் எடுத்துப் போகிறேன். பிடியுங்கள், கனமாகத்தான் இருக்கும். ஏழு வருடத்தில் பஞ்சுவுக்காக நான் எழுதிய பதில்கள் அத்தனையும், அச்செடுத்து, கம்பிச் சுருள் கட்டி. இருநூற்று எழுபது பக்கம். ஒருவர் உனக்காக இவ்வளவு நின்றிருக்கிறார் என்று பார்த்தால் மனம் மாறாதா?

நேரில் வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன். பதில் உடனே வந்தது. இதோ, நீங்களே படியுங்கள். 'வேண்டாம் சார். நல்லா இருங்க.' ஏழு வருடமாக அண்ணா, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனல்லவா? இப்போது சார். மரியாதை கூடியிருக்கிறது.

கூடித்தானே இருக்கிறது? நீங்கள் ஏன் ஜன்னல் பக்கம் திரும்புகிறீர்கள்?

சரி. அரவக்குறிச்சிப் பிரிவும் எப்போதோ போய்விட்டது. கரூருக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். நடுவரை ஒருமுறை ஓடவிட்டுக் காட்டுகிறேன். பிரமிளாவிடம் காட்டுவதற்காகவே கொண்டுவந்தேன். இன்று காலை கிளம்புமுன் இவருடைய பட்டன் செல்லை நானே கழற்றிவிட்டேன். ஆமாம், நானே. பெரிய பாட்டரியும் தனியாகத்தான் இருக்கிறது, இதோ, இப்போதுதான் மாட்டுகிறேன். ஷமீமா பானுவின் மேசையில் திங்கட்கிழமை எப்படி இருந்திருக்குமோ, நடுவர் இப்போது அப்படி இருக்கிறார். பெட்டியிலிருந்த நாற்பத்தொன்றையும் நான் சோதித்தேன், இந்தச் சோதனை ஒன்றை மட்டும் செய்யவில்லை.

நிறுத்துகடிகாரத்தை நீங்கள் பிடியுங்கள். நான் நடுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பேருந்து வேறு குலுக்குகிறது. நான் பொத்தானை அமுக்குகிறேன். எல்லாம் வந்து நின்றதும் நீங்கள் நிறுத்துங்கள். அமுக்குகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை வரும், நேரம் தெரியவில்லை என்று. ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் போகும். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தட்டியிருப்பார்கள். இதோ பருத்திக்காய் வந்துவிட்டது. அழகாக இருக்கிறதல்லவா? காலண்டர் மாதிரி இருக்கிறது என்றார் லோகநாதன். அப்படியும் சொல்லலாம். ஆ, வந்துவிட்டது. நிறுத்துங்கள். எத்தனை?

எத்தனை என்றீர்கள்?

ஐம்பத்திரண்டா?

இல்லை, நீங்கள் எப்போதிலிருந்து எண்ணினீர்கள்? நான் பொத்தானை அமுக்கியதிலிருந்தா? ஓ. நான் பருத்திக்காய் தெரிந்ததிலிருந்து எண்ணுவேன். அதற்கு முன்னால் ஆகிற நேரம் பஞ்சுவின் கணக்கில் வராது என்று... நீங்கள் யாரும் சொல்லாமலே பொத்தானிலிருந்து எண்ணினீர்கள். எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்களோ?

எண்ணுவார்கள். காத்திருக்கிறவன் பொத்தானிலிருந்துதான் எண்ணுவான்.

இருக்கட்டும். கீழே வலது மூலையைப் பாருங்கள். தேதி. 2009, சனவரி 1. சொன்னேனல்லவா? கவலை வேண்டாம், இப்போதுதான் பிரமிளா அந்த நிரலைத் திரும்பச் சேர்த்துவிட்டாரே. இணையம் கிடைத்த மறு நொடி வெளியே கேட்டுச் சரிசெய்துகொள்ளும். இன்றைய தேதிக்கு வந்துவிடும். உங்கள் கைப்பேசியிலிருந்து கொஞ்சம் இணைப்புக் கொடுக்கிறீர்களா? ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

கடவுச்சொல் என்ன?

கரூர் வந்துவிட்டதா? அதோ பேருந்து நிலையம். இறங்குகிறவர்கள் இறங்கட்டும். இவ்வளவு கூட்டத்தில் முந்தி என்ன செய்யப் போகிறேன்?

2009. அப்போது பிரமிளா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்திருப்பார். பஞ்சு கிடையாது. லோகநாதன் இன்னும் ஒரு வீடியோவும் போடவில்லை. வாணியம்பாடியில் அந்த டீச்சர் எதுவும் எழுதவில்லை, அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

வேண்டாம் தம்பி. இணைப்பு வேண்டாம். கைப்பேசியை உள்ளே வையுங்கள். கண்டக்டர் வந்து எழுப்புகிற வரை கொஞ்சம் இப்படியே இருக்கட்டும்.